ஒரு நிமிடம், பதினைந்து தோட்டா

கல்லூரி இரண்டாம் ஆண்டில் நான் என்.சி.சி. முகாமுக்குப் போனதற்கு நாட்டுப்பற்றெல்லாம் காரணமில்லை. பத்து நாள் வகுப்பு கிடையாது, தினமும் இரண்டு முட்டை உண்டு என்றார்கள், அவ்வளவுதான். அங்கே எங்களுக்குத் துப்பாக்கி சொல்லித்தர வந்தவர் மெட்ராஸ் ரெஜிமென்ட் ஹவில்தார் ஒருவர். வேலூர்ப் பக்கத்துக்காரர். 'உஸ்தாத்' என்றுதான் கூப்பிட வேண்டும். முதல் மூன்று நாள் அவர் தோட்டாவைக் கண்ணிலேயே காட்டவில்லை. காலி .22 ரைஃபிளோடு தரையில் குப்புறப் படுக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவன் குழலின் நுனியில் ஒரு ரூபாய் நாணயத்தை வைப்பான். அது விழாமல் விசையை அழுத்த வேண்டும். "காசு விழுந்துச்சுன்னா நீ சுடல தம்பி, வெடுக்குன்னு இழுத்திருக்க. இழுக்காத. அமுக்கு. எப்ப வெடிச்சுதுன்னு உனக்கே தெரியக்கூடாது."

ஐந்தாம் நாள் ஆளுக்கு ஐந்து தோட்டா கொடுத்தார்கள். என் காகிதத்தில் ஐந்து ஓட்டைகளும் உள்ளங்கைக்குள் அடங்கின. அந்தக் காகிதத்தை ரொம்ப நாள் செமஸ்டர் மார்க் ஷீட்டோடு சேர்த்து வைத்திருந்தேன்.

மறுவருடமும் முகாம், அதே உஸ்தாத், அதே துப்பாக்கி, அதே தூரம். நான்தான் ஏற்கெனவே கற்றவன் ஆயிற்றே என்று நாணயப் பயிற்சிக்குப் போகாமல் சமையல் கூடத்துப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தேன். ஐந்தில் இரண்டு காகிதத்தையே தொடவில்லை. மற்ற மூன்றும் மூன்று திசையில். உஸ்தாத் ஆச்சரியப்படவே இல்லை. "நடுவுல ஒரு வருஷம் என்ன பண்ண?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஒரு வருடத்தில் அது எங்கே போயிருந்தது? எனக்குத் தெரிந்ததாக நான் நினைத்த விஷயம் ஒன்றும் மறந்துபோகவில்லை. மூச்சை எப்போது நிறுத்த வேண்டும், கன்னத்தை எங்கே ஒட்ட வேண்டும் என்று கேட்டால் இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். சொல்ல முடிந்தது, செய்ய முடியவில்லை. பின்னாளில் மென்பொருள் வேலைக்கு வந்து, ராணுவ வரலாற்றை இரவுநேரப் பழக்கமாக வாசிக்க ஆரம்பித்தபோது, ஒரு முழு ராணுவத்துக்கே இது நடந்திருக்கிறது என்று தெரிந்தது. அந்தக் கதையில் நம் ஊரும் வருகிறது. நான் எதிர்பார்த்த இடத்தில் அல்ல.

*

துப்பாக்கிக்கும் குறிபார்ப்பதற்கும் சம்பந்தம் உண்டு என்பதே கொஞ்சம் புதிய எண்ணம்தான். கிழக்கிந்தியக் கம்பெனி தென்னிந்தியாவைப் பிடித்த காலத்து மஸ்கெட்டின் குழல் உள்ளே வழவழப்பானது. குண்டு அதில் தொளதொளவென்று உட்கார்ந்திருக்கும். நூறு கெஜத்துக்கு அப்பால் குறிப்பிட்ட ஓர் ஆளைச் சுடுவதென்பது அதிர்ஷ்டம். ஆகவே சிப்பாய்க்குக் குறி சொல்லித்தர யாரும் மெனக்கெடவில்லை. வேகமாக மருந்து கிட்டிப்பது, வரிசை கலையாமல் நிற்பது, எல்லோரும் ஒரே சமயத்தில் வெடிப்பது. இதுதான் பயிற்சி. ஆயிரம் பேர் சேர்ந்து ஒரு பெரிய துப்பாக்கி, தனித்தனியாகப் பார்த்தால் அதன் உதிரிபாகங்கள்.

குழலுக்குள் திருகு பள்ளம் போட்ட ரைஃபிள் 1850களில் பிரிட்டிஷ் காலாட்படை முழுவதற்கும் வந்தபோது நிலைமை மாறியது. 1853 மாடல் என்ஃபீல்டால் பல நூறு கெஜம் தள்ளி நிற்பவனைச் சுட முடியும். ஆனால் சுடத் தெரிய வேண்டுமே. அந்தக் குண்டு இன்றைய குண்டுபோல நேர்கோட்டில் பறப்பதில்லை. வேகம் குறைவு என்பதால் எறிந்த பந்துபோல வளைந்து போய் இறங்கும். அறுநூறு கெஜத்தில் நிற்பவனை ஐந்நூற்றைம்பது என்று கணித்தால் அவன் காலடிக்கு முன்னாலேயே மண்ணில் விழும். எனவே சிப்பாய் முதலில் கற்க வேண்டியது தூரத்தைக் கண்ணால் அளப்பது. இதற்காகவே 1853-ல் இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையில் ஹைத் என்ற சிற்றூரில் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. தொடங்கியவர் அப்போதைய தலைமைத் தளபதி ஹார்டிஞ்ச். இந்தியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்து சீக்கியப் போரைக் கண்டுவிட்டுப் போனவர். அங்கே ஆட்களைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் நிற்கவைத்து, இந்தத் தூரத்தில் பொத்தான் தெரிகிறதா, முகம் தெரிகிறதா, தோளில் துப்பாக்கி தெரிகிறதா என்று கேட்டுக் கேட்டுக் கண்ணைப் பழக்கினார்கள். தோட்டா இல்லாமல் தோளில் ஏற்றி இறக்கும் பயிற்சி நாள்கணக்கில். எங்கள் உஸ்தாத்தின் ஒரு ரூபாய் நாணயத்துக்கு ஹைத்தான் தாத்தா வீடு என்று எனக்குத் தோன்றும்.

அந்த முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது என்ன ஆயிற்று என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் நாம் அதைப் பயிற்சியின் கதையாகப் பார்ப்பதில்லை. டம்டம், அம்பாலா, சியால்கோட் ஆகிய மூன்று இடங்களில் என்ஃபீல்டு பயிற்சி மையங்கள் திறக்கப்பட்டன. பல ரெஜிமென்ட்களிலிருந்து பொறுக்கியெடுத்த ஆட்களை அங்கே அனுப்பினார்கள். கொழுப்பு தடவிய தோட்டா பற்றிய பேச்சு 1857 ஜனவரியில் டம்டம் மையத்தில்தான் கிளம்பியது. அம்பாலாவுக்குப் பயிற்சிக்குப் போன சிப்பாய்களைச் சொந்த ரெஜிமென்ட்காரர்களே மதம் கெட்டவர்கள் என்று ஏளனம் செய்து ஒதுக்கினார்கள். பயிற்சி என்பது கற்றுக்கொடுப்பவனின் கையிலிருந்து வாங்கி வாயில் வைக்கும் அளவுக்கு நம்பிக்கை கேட்கும் விஷயம். அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் அதுவே தீப்பொறியாகிவிட்டது. 1857 அடங்கியபின் வெள்ளையர் எடுத்த முடிவுகளில் ஒன்று, இந்தியச் சிப்பாயின் கையில் எப்போதும் ஒரு தலைமுறை பழைய துப்பாக்கியே இருக்க வேண்டும் என்பது. அரை நூற்றாண்டுக்கு மேல் அப்படித்தான் நடந்தது.

*

இங்கேதான் ஃபிரடெரிக் ராபர்ட்ஸ் வருகிறார். 1832-ல் கான்பூரில் பிறந்தவர். டெல்லி முற்றுகையில் இருந்தவர், விக்டோரியா கிராஸ் வாங்கியவர், 1880-ல் காபூலிலிருந்து காந்தஹாருக்குப் படை நடத்திப் பெயர் பெற்றவர். 1881 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவின் மஜூபா மலைமேல் இருந்த பிரிட்டிஷ் படையை போயர் விவசாயிகள் கீழேயிருந்து பொறுக்கிப் பொறுக்கிச் சுட்டு ஓடவைத்தார்கள். தளபதியே செத்தார். அவருடைய இடத்துக்கு ராபர்ட்ஸை அனுப்பினார்கள். அவர் கப்பலில் போய்ச் சேர்வதற்குள் சமாதானம் ஆகிவிட்டது. ஒரு நாள் இருந்துவிட்டுத் திரும்பினார். அதே வருட இறுதியில் அவர் வந்து பொறுப்பேற்ற இடம் மதராஸ் ராணுவம். 1885 வரை அதன் தலைமைத் தளபதி.

மதராஸில் அவர் விடாமல் பிடித்துக்கொண்ட விஷயம் துப்பாக்கிப் பயிற்சி. தானே ரைஃபிளை எடுத்துத் தன் அலுவலர்களோடு சேர்ந்து பழகினார், போட்டிகளை ஊக்குவித்தார். ஒரு ராணுவத்தின் மதிப்பு அது எவ்வளவு நன்றாகச் சுடுகிறது என்பதில் இருக்கிறது என்று அந்தக் காலத்தில் நம்பிய மிகச் சில ஜெனரல்களில் அவர் ஒருவர். சுடுவது பழக்கத்தால் மட்டுமே வரும் என்றும் நம்பினார்.

இதே ராபர்ட்ஸ்தான் மதராஸ் சிப்பாய் இனி போருக்கு ஆகமாட்டான் என்று தீர்ப்பும் எழுதினார். அவருடைய இந்திய நினைவுக்குறிப்புகள் 1897-ல் வெளிவந்தன. அதில் அவர் சொல்லும் காரணத்தைக் கவனிக்க வேண்டும். இவர்களிடம் முன்பு இருந்த போர்க்குணம் நீண்டகால அமைதியிலும் சொகுசிலும் செத்துவிட்டது என்கிறார். வந்தவாசியிலும் அசாயேயிலும் கம்பெனிக்கு ராஜ்யம் பிடித்துக்கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். அவர் காரணத்தையே எடுத்துக்கொண்டால் வர வேண்டிய முடிவு என்ன? பழக்கம் விட்டுப்போயிற்று, பழக்கினால் வரும் என்பதுதானே. மஜூபாவில் தோற்ற வெள்ளைச் சிப்பாயைப் பற்றி அவர் அப்படித்தான் யோசித்தார். மதராஸ் என்று வந்தபோது மட்டும் சறுக்கி, வடக்கே போர்க்குல இனங்கள் இருக்கின்றன, அங்கே ஆளெடுங்கள் என்று போய்விட்டார். தமிழ், தெலுங்குப் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. மிச்சமிருந்தவை காவல் வேலையில் தேங்கின. பயிற்சியின்மை என்று எழுத வேண்டிய இடத்தில் இனம் என்று எழுதிவிட்டார் என்பது என் வாசிப்பு. இது எனக்கு வெறும் கல்விப்புலச் சர்ச்சையாகப் படவில்லை, ஏனென்றால் இதே சறுக்கலை அலுவலகத்தில் நேர்காணல் அறைகளில் வாரம் ஒருமுறை பார்க்கிறேன்.

*

1899 டிசம்பரில் போயர்கள் பாடத்தை மறுபடியும் எடுத்தார்கள். ஸ்டார்ம்பெர்க், மாகர்ஸ்ஃபான்டெய்ன், கொலென்ஸோ என்று ஒரே வாரத்தில் மூன்று தோல்விகள். போயரிடம் புகை வராத மாவுசர் ரைஃபிள், சிறுவயதிலிருந்து வேட்டையாடிய கை. பிரிட்டிஷ்காரன் இன்னமும் அதிகாரியின் குரலுக்குக் காத்திருந்து கூட்டாக வெடித்துக்கொண்டிருந்தான். எங்கிருந்து சுடுகிறார்கள் என்றே பல இடங்களில் கண்ணுக்குத் தெரியவில்லை. டிசம்பர் 15 அன்று கொலென்ஸோவில் கைவிடப்பட்ட பீரங்கிகளை மீட்கப் போய்ச் சாவுக் காயம் பட்டவர்களில் ராபர்ட்ஸின் ஒரே மகனும் ஒருவர். அவரைச் சுமந்து வந்தது காந்தி அமைத்த இந்திய ஆம்புலன்ஸ் படை. காந்தியே இதை எழுதியிருக்கிறார். அந்தப் படையில் சுமார் 1,100 பேர், பெரும்பகுதி நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களும் போய் மீண்டவர்களும். பலர் தமிழர்கள். போருக்கு ஆகாதவர்கள் என்று தந்தை ஒதுக்கிய ஜனங்கள்தான் மகனின் ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள்.

ராபர்ட்ஸ் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பி மொத்த பிரிட்டிஷ் ராணுவத்துக்கும் தலைமைத் தளபதியானார். காலாட்படையில் இனி துப்பாக்கிச் சுடுதல்தான் முதல் பாடம் என்றார். 1903-ல் குட்டையான புது லீ-என்ஃபீல்டு வந்தது. நம் ஊரில் '.303' என்று இரண்டு தலைமுறை போலீஸ்காரர்கள் தூக்கித் திரிந்த துப்பாக்கியின் மூத்த அண்ணன். அதை முழுசாகப் பயன்படுத்துவது எப்படி என்று கண்டுபிடித்தவர் இன்னொருவர்.

1905-லிருந்து 1909 வரை ஹைத் பள்ளியில் தலைமைப் பயிற்றுநராக இருந்த நார்மன் மக்மஹோன், ராயல் ஃப்யூசிலியர்ஸ் படைப்பிரிவின் அதிகாரி. நண்பர்கள் வைத்த பெயர் 'மஸ்கெட்ரி பைத்தியம்'. இனி போர் என்பது சுடும் வேகத்தில் தீர்மானிக்கப்படும் என்று அவர் கணித்தார். ஒரு பட்டாலியனுக்கு இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. ஆறு வேண்டும் என்று கேட்டார். செலவு அதிகம் என்று மறுத்துவிட்டார்கள். சரி, துப்பாக்கி தரமாட்டீர்களா, அப்படியானால் ஒவ்வொரு சிப்பாயையும் அரை இயந்திரத் துப்பாக்கியாக்குகிறேன் என்று இறங்கினார். பட்ஜெட் கொடுக்காத நிர்வாகத்திடம் வேலை பார்த்த எவருக்கும் மக்மஹோனைப் பிடித்துப்போகும்.

1909 விதிமுறைகளில் அந்தத் தேர்வு இருக்கிறது. தூரம் 300 கெஜம். குப்புறப் படுத்த நிலை. துப்பாக்கியில் முதலில் ஐந்து தோட்டா. மிச்சத்தைப் பையிலிருந்து எடுத்து ஐந்தைந்தாக நிரப்ப வேண்டும். ஒரு நிமிடத்தில் பதினைந்து.

கணக்குப் போட்டால் ஒரு தோட்டாவுக்கு நான்கு விநாடி. அதற்குள் போல்ட்டைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே மடக்கி, மறுபடி குறிபார்த்து, அமுக்க வேண்டும். நடுவில் இரண்டு முறை ஐந்து தோட்டா அடுக்கிய தகட்டைச் செருகிக் கட்டைவிரலால் உள்ளே தள்ள வேண்டும். கண் இலக்கை விடக்கூடாது, துப்பாக்கி தோளை விட்டு இறங்கக்கூடாது. லீ-என்ஃபீல்டின் போல்ட் குறைந்த கோணத்தில் திரும்பும், வழுக்கிக்கொண்டு ஓடும், மாகசீனில் பத்து தோட்டா பிடிக்கும். ஜெர்மன் மாவுசருக்கு ஐந்துதான். ஆனால் அந்த வசதியெல்லாம் பழகிய கைக்கு மட்டும். பழகாதவன் அவசரத்தில் போல்ட்டைப் பாதியில் விடுவான், தகட்டைக் கோணலாகச் செருகுவான், நிமிடத்துக்கு ஐந்து சுட்டாலே பெரிது. தேர்ந்தவர்கள் பதினைந்தைத் தாண்டி இருபதுக்கு மேலும் போனார்கள்.

பழகுவதற்குக் காசும் கொடுத்தார்கள். ஒரு சாதாரணச் சிப்பாயின் தினச் சம்பளம் ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு பென்ஸ். துப்பாக்கித் தேர்வில் நல்ல வகுப்பு வாங்கினால் திறமைப் படியாக ஆறு பென்ஸ் வரை கூடக் கிடைக்கும். சம்பளத்தில் பாதி! தேர்வு வருடா வருடம். போன வருடம் வாங்கிய வகுப்பு இந்த வருடம் செல்லாது. இந்தச் சின்ன விதியைத்தான் அந்த முழு ஏற்பாட்டின் மூளை என்பேன். 'கற்றவன்' என்று ஒருவனுக்கு நிரந்தரச் சான்றிதழ் கொடுப்பதில்லை. முகாமில் நாணயப் பயிற்சியைத் தவிர்த்த என்னை மாதிரி ஆளுக்கு அங்கே அடுத்த வருடமே ஆறு பென்ஸ் போயிருக்கும். சமையல் கூடத்துப் பக்கம் போகுமுன் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

*

1914 ஆகஸ்ட் 23, பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரம். நகரைச் சுற்றி வளைந்தோடும் கால்வாயின் நிமி பாலத்தைக் காக்க நின்றது ராயல் ஃப்யூசிலியர்ஸின் நான்காம் பட்டாலியன். அதன் கட்டளை அதிகாரி லெப்டினன்ட் கர்னல் மக்மஹோன்! வாத்தியாரே பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரி. ஜெர்மானியர்கள் அடர்த்தியான வரிசைகளாக வந்தார்கள். ஹைத்தில் வருடக்கணக்கில் கற்றதை அன்றைக்குக் கால்வாய்க்கரை முழுக்கச் செய்து காட்டினார்கள். முதல் வரிசைகள் அப்படியே சரிந்தன. பாலத்தில் இருந்தவை அந்தப் பட்டாலியனின் இரண்டே இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள். அதை இயக்கியவர்கள் ஒவ்வொருவராகச் சாகவே, லெப்டினன்ட் டீஸ் பலமுறை காயம்பட்டபின்னும் அங்கேயே நின்று செத்தார். கடைசியில் காட்லி என்ற சாதாரணச் சிப்பாய் தனியாக அதைப் பிடித்து மற்றவர்கள் பின்வாங்க நேரம் வாங்கிக்கொடுத்தார். அந்தப் போரின் முதல் விக்டோரியா கிராஸ்களில் இரண்டு இவர்களுக்கு. ஆறு கேட்டு இரண்டோடு நிறுத்தப்பட்டவரின் கண்முன்னே இது நடந்தது.

ரைஃபிள் வேட்டைக் கேட்டு ஜெர்மானியர்கள் எதிரில் இயந்திரத் துப்பாக்கிப் படையே இருப்பதாக நினைத்தார்கள் என்று ஒரு கதை எல்லாப் புத்தகத்திலும் வரும். பிரிட்டிஷ்காரர்கள் ஆசையாகச் சொல்லும் கதை. பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் சிலர் ஜெர்மன் தரப்பு ஆவணங்களை வைத்து அதைச் சந்தேகிக்கிறார்கள். எனக்கும் அது கொஞ்சம் அதிகமாகவே இனிக்கிறது. மேலும் அன்று மாலையே பிரிட்டிஷ் படை பின்வாங்கிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பீரங்கிக்கு முன்னால் ரைஃபிள் எத்தனை நன்றாகச் சுட்டால் என்ன? அந்தப் பயிற்சி போரை ஜெயித்துக் கொடுக்கவில்லை. தங்களைவிடப் பல மடங்கு பெரிய படைக்கு முன்னால் குலையாமல் பின்வாங்க உதவியது. அடுத்து ஈப்ர நகரை அக்டோபரிலும் நவம்பரிலும் பிடித்துவைத்திருக்க உதவியது. அதற்குக் கொடுத்த விலை அந்தக் கைகளேதான்.

*

1914 நவம்பரில் பத்து நாள் இடைவெளிக்குள் மூன்று சம்பவங்கள். நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இவற்றின் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததால்.

நவம்பர் 4. ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகம், இன்றைய தான்சானியா. இந்தியாவிலிருந்து சுமார் 8,000 பேர் கொண்ட படை வந்து இறங்கியது. அதில் ஒன்று 63-ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. ஆம், நம்ம பாளையங்கோட்டைதான். தமிழர்களும் மதராஸ் முஸ்லிம்களும் அடங்கிய பழைய கம்பெனிப் பட்டாளம், ராபர்ட்ஸின் தீர்ப்புக்குப் பிறகு தேங்கிக் கிடந்தவற்றில் ஒன்று. வாரக்கணக்கில் கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டு வந்தவர்கள். அந்தப் படையின் சில பட்டாளங்களுக்குப் புதிய ரைஃபிளும் இயந்திரத் துப்பாக்கியும் கப்பலேறும் சமயத்தில்தான் கிடைத்தன. எதிரில் லெட்டோவ்-ஃபோர்பெக் தலைமையில் சுமார் ஆயிரம் பேர், பெரும்பாலும் ஆப்பிரிக்க அஸ்காரிகள். அவர்களில் பலர் கையில் இருந்தது 1871 மாடல் மாவுசர், சுட்டால் கரும்புகை கிளம்பி ஆளைக் காட்டிக்கொடுக்கும் கிழட்டுத் துப்பாக்கி. ஆனால் அந்தக் கிழட்டுத் துப்பாக்கியோடு அவர்கள் பழகியிருந்தார்கள்.

புதர்க்காட்டுக்குள் வெயிலில் நகர்ந்த பாளையங்கோட்டை வரிசை முதல் பலத்த சூட்டிலேயே குலைந்து கடற்கரையை நோக்கி ஓடியது. காட்டுத் தேனீக்கள் வேறு கிளம்பி இரு தரப்பையும் கொட்டின. பிரிட்டிஷ் தரப்பில் எண்ணூறுக்கு மேல் இழப்பு. மறுநாள் கப்பலேறிப் போகும்போது 16 இயந்திரத் துப்பாக்கிகளையும் நூற்றுக்கணக்கான ரைஃபிள்களையும் ஆறு லட்சம் தோட்டாக்களையும் விட்டுவிட்டுப் போனார்கள். அந்த நவீன ரைஃபிள்களை வைத்து லெட்டோவ் தன் அஸ்காரிகளைப் புதுப்பித்துக்கொண்டார்.

மதராஸ்காரன் ஓடினான், ராபர்ட்ஸ் சொன்னது சரிதான் என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் அன்றைக்குப் போர்க்குலம் என்று முத்திரை குத்தப்பட்ட 13-ஆவது ராஜபுத்திரர்களும் குலைந்தார்கள். நகருக்குள் புகுந்து சண்டையிட்டவர்கள் எல்லைப்புறத்தில் பழகியிருந்த காஷ்மீர் ரைஃபிள்ஸும் ஒரு பிரிட்டிஷ் பட்டாலியனும். தளபதி ஐட்கென் வேவுகூடப் பார்க்காமல் ஆட்களை இறக்கியவர். இதையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால்தான் இனம் தெரியும்.

நவம்பர் 11. ஈப்ரவுக்குக் கிழக்கே பிரஷ்யக் காவற்படையின் பெருந்தாக்குதல். அதில் மக்மஹோன் செத்தார். பிரிகேடியராகப் பதவி உயர்வு வந்து, புதுப் பொறுப்புக்குக் கிளம்பும் முன்னே. மாத முடிவில் பிரிட்டிஷ் படையின் மொத்த இழப்பு 90,000-ஐ நெருங்கியது. ஆகஸ்டில் கடல் கடந்தவர்களில் நின்றுகொண்டிருந்தவர்கள் கொஞ்சம்பேர்தான்.

நவம்பர் 14. பிரான்ஸின் செயின்ட்-ஓமேர். 82 வயது ராபர்ட்ஸ், குளிரில் நின்றிருந்த இந்தியப் படைகளைப் பார்க்க வந்தவர், நிமோனியாவில் இறந்தார். அவர் பார்க்க வந்த இந்தியச் சிப்பாய்கள் செப்டம்பர் கடைசியில் மார்சேய் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கியவர்கள். இறங்கியதும் கொண்டுவந்த பழைய ரைஃபிளைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொண்டார்கள். 1857-க்குப் பிறகு காப்பாற்றிவந்த அந்த ஒரு தலைமுறை இடைவெளியை ஒரு துறைமுகத்தில் சில நாட்களில் தாண்டிவிட்டு, சில வாரங்களில் பதுங்குகுழிக்குப் போனார்கள். அவர்கள் நின்று பிடித்தார்கள் என்பதுதான் வியப்பு.

*

ஒரு நிறுவனத்தில் மூத்தவர் வேலையை விட்டுப் போகும்போது நாங்கள் கே.டி. என்று ஒன்று நடத்துவோம். பத்து அமர்வு, ஐம்பது பக்க டாக்குமென்ட். அவர் போன மூன்றாம் மாதம் நடுராத்திரியில் சர்வர் விழும்போது அந்த டாக்குமென்ட்டைத் திறந்து பார்ப்போம். எல்லாம் எழுதியிருக்கும். ஒன்றும் உதவாது. பிரிட்டனிடமும் 1909-ன் விதிமுறைப் புத்தகம் இருந்தது. ஹைத் பள்ளி இருந்தது. லட்சக்கணக்கில் தொண்டர்கள் சேர்ந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்க ரைஃபிள் இல்லை, மரக்கட்டையில் செய்த துப்பாக்கியோடு மாதக்கணக்கில் மைதானத்தில் நடந்தார்கள். சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் ஈப்ரவில் கிடந்தார்கள். பதுங்குகுழிப் போர் முற்றியபின், ஆட்கள் ரைஃபிளையே மறந்துவிட்டார்கள், முன்னூறு கெஜத்தில் ஓடுபவனைச் சுடாமல் கைக்குண்டைத் தூக்கிக்கொண்டு துரத்துகிறார்கள் என்று அதிகாரிகள் அலுத்துக்கொண்டார்கள். மக்மஹோன் கேட்டுக் கிடைக்காத இயந்திரத் துப்பாக்கிகள் இப்போது தாராளமாக வந்தன. காசு இல்லாத காலத்தில் ஆளைப் பழக்கினார்கள், ஆள் தீர்ந்த காலத்தில் காசு வந்தது.

மதராஸ் காலாட்படை 1920களில் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டது. சாப்பர்கள் மட்டும் மிஞ்சினார்கள். இரண்டாம் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டதும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டை மறுபடி எழுப்பினார்கள். பழக்கினார்கள், வந்தது. எங்கள் உஸ்தாத் அந்த வரிசையில் வந்தவர்.

.303 மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. 2008 நவம்பர் 26 இரவு மும்பை சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் இரண்டு பேர் தானியங்கித் துப்பாக்கிகளோடு நுழைந்தபோது அங்கிருந்த சில காவலர்கள் கையில் இருந்தது அதே குடும்பத்துத் துப்பாக்கிதான். காவலர்களிடம் ஓட்டை ஆயுதம் என்று அந்த வாரம் எல்லா சேனலிலும் பேசினார்கள். நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன். மோன்ஸைப் படித்தபிறகு அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியவில்லை. பின்னர் விசாரித்த பிரதான் குழு, பயிற்சிக்கான தோட்டாத் தட்டுப்பாட்டையும் தன் அறிக்கையில் சேர்த்திருந்தது. அந்தப் பகுதியைப் பற்றி விவாதம் நடந்ததாக எனக்கு நினைவில்லை. புதிய துப்பாக்கி வாங்கினால் படம் எடுத்துப் போடலாம். பழகித் தீர்த்த தோட்டாவுக்கு ஏது படம்?

என் சித்தப்பா ஒருவர் ஆயுதப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருடத்துக்கு மேல் .303-ஐத் தோளில் சுமந்தவர். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது கேட்டேன்.

"வருஷத்துக்கு எத்தன ரவுண்டு சித்தப்பா சுடுவீங்க?"

"ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போற வருஷம் பத்து. கூட்டிட்டுப் போகாத வருஷம் இல்ல."

"பத்துல எத்தன படும்?"

அவர் வலது தோளைத் தடவிக்கொண்டார். "அது ஒதைக்கிற ஒதையில ரெண்டு நாளைக்குக் கை தூக்க முடியாது. மொத ரவுண்டு சுட்டதும் பயந்துடுவோம். அப்புறம் கண்ண இறுக்கி மூடிட்டு மிச்சம் ஒம்போதையும் தீத்துட்டு எந்திரிச்சுருவோம்." சிரித்தார். "ஆனா பாலீஷ் போட்டு வெப்பேன் பாரு, முகம் பாக்கலாம்."